மர்மக் கதைகளும் ஒரு புளியந்தோப்புக் குடும்பமும்

நம் இல்லங்களில் விருப்பத்துடன் படிக்கப்படும் கதைகளுள் ஒரு வகை உண்டு. அவற்றின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைந்திருக்கும். இளம்பெண் ஒருத்தி பழைய வீடு ஒன்றினுள் காலடி எடுத்து வைக்கிறாள். அங்கு வருவது அதுவே முதல் முறை என்று அவள் எண்ணுகிறாள். ஆயினும் மாடிப்படி எங்கே வளைகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டிக் கிடக்கும் அறையின் சுவர் என்ன நிறம் என்பது கதவைத் திறக்கும் முன்பே நினைவுக்கு வருகிறது. அவள் குழந்தையாய் இருந்த காலத்தில் அவ்வீட்டில் ஏதோ ஒரு கொடுமை நிகழ்ந்திருக்கிறது. பெரியவர்கள் அதனை மூடி மறைத்திருக்கின்றனர். அவளை உளமார நேசிக்கும் இளைஞன் ஒருவன் துணை நிற்க, அவள் அந்த மர்மத்தைத் துலக்குகிறாள். இறுதி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுகிறான், திருமணம் நடைபெறுகிறது, வாசகரும் நிம்மதியோடு நூலை மூடி வைக்கிறார்.

இத்தகைய கதைகளை நம் பிள்ளைகள் படிக்கலாமா என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. படிக்கலாம் என்பதே நமது விடை. ஆனால் அக்கதைகள் சொல்லாமல் விடுவது என்ன என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறிவதற்கு நாம் வெகுதூரம் செல்லத் தேவையில்லை. வடசென்னையின் புளியந்தோப்பில் நடந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றே போதுமானது. அதற்கு வருமுன் கதைகளைச் சற்றுப் பார்ப்போம்.

தமிழ் வாசகருக்குப் புதிதன்று

காதலும் கொலையும் துப்பறிதலும் கலந்த கதை தமிழுக்கு வந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றது. ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய 'ராஜாம்பாள்' 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாயகி கொலையுண்டாள் என்று ஊரே நம்பியிருக்க, துப்பறியும் கோவிந்தன் உண்மையைக் கண்டறியும் கதை அது. அவரை அடுத்து ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வகை நூல்களை எழுதிக் குவித்தனர். பின்னாளில் 'ராணி முத்து', 'மாலைமதி' போன்ற மாத நாவல்கள் ரயில் நிலையக் கடைகளிலும் வாடகை நூல் நிலையங்களிலும் மலிந்து கிடந்தன. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் ஒருவரே 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களைப் படைத்துள்ளார். ஒரு காலத்தில் ஒரே பிரதி ஒரு தெருவில் பத்து வீடுகளுக்குக் கைமாறிச் சென்றது.

வெள்ளித்திரையும் இவ்வகைக் கதைகளை நம் உள்ளத்தில் பதிய வைத்தது. 1975-இல் வெளிவந்த 'நாளை நமதே' படத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொடியவனால் பெற்றோர் கொலையுண்டு, சகோதரர் மூவர் திக்குக்கு ஒருவராகச் சிதறி, தாய் கற்றுத் தந்த குடும்பப் பாடலால் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் கதை அது. எம்.ஜி.ஆர். இரு வேடங்களில் நடித்திருந்தார். இந்தியில் 1973-இல் வந்த 'யாதோன் கி பாராத்' என்னும் படமே அதற்கு மூலம். பிரிந்த பிள்ளைகள் பாட்டொன்றால் இணையும் காட்சியில் திரையரங்கமே கண்ணீர் சிந்தியது. அக்கண்ணீருக்குக் காரணம் உண்டு. குழந்தைப் பருவத்தில் குடும்பம் சிதைவதைவிடப் பெரிய அச்சம் எவருக்கும் இல்லை. சிதைந்தது மீண்டும் கூடுவதைவிடப் பெரிய ஆறுதலும் இல்லை.

உறங்கிக் கிடந்த கொலை

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அகதா கிறிஸ்டியின் 'ஸ்லீப்பிங் மர்டர்'. இரண்டாம் உலகப்போரின் காலத்திலேயே அதனை எழுதிப் பாதுகாப்பில் வைத்துவிட்டார் அந்த அம்மையார். 1976 ஜனவரியில் அவர் மறைந்தபின், அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. நியூசிலாந்தில் வளர்ந்த குவெண்டா என்னும் இளம் மணமகள் இங்கிலாந்துக்கு வந்து கடலோர ஊரொன்றில் வீடு வாங்குகிறாள். ஓர் அறைக்குக் குறிப்பிட்ட பூக்கள் அச்சிட்ட சுவர்த்தாள் ஒட்டலாம் என்று மனத்தில் எண்ணுகிறாள். பின்னர் அடைபட்டிருந்த அலமாரியைத் திறந்தால், உள்ளே அதே பூக்கள், அதே சுவர்த்தாள்! குழந்தையாய் இருந்தபோது அவள் அவ்வீட்டில்தான் வாழ்ந்திருக்கிறாள். அங்கு நடந்த ஒரு கொலையை மாடிப்படியின் கம்பிகளுக்கிடையே பார்த்தும் இருக்கிறாள்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிற்றன்னை எவனுடனோ ஓடிப்போய்விட்டாள் என்று உலகுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மனைவியைக் கொன்றவன் தானே என்று தவறாக நம்பிய தந்தை மனநல விடுதியில் உயிர் துறந்திருக்கிறார். குழந்தையோ கடல் கடந்து உறவினரிடம் அனுப்பப்பட்டு, எதுவும் அறியாமல் வளர்ந்திருக்கிறாள். குற்றம் புரிந்தவன் ஒருவனே. ஆனால் அவன் சொன்ன பொய் நிலைத்து நிற்க, நல்லவர்கள் பலர் காத்த மௌனமும் உதவியது. துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள்கூட, உறங்குவதை எழுப்பவேண்டாம் என்றுதான் முதலில் அறிவுரை கூறுகிறார்.

துயரம் அறிந்த ஓர் எழுத்தாளர்

இத்துறையில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றவர் மேரி ஹிகின்ஸ் கிளார்க். 1927-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்குப் பதினொரு வயது ஆனபோது, 1939-இல், காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய சிறுமி வாசலில் அண்டை அயலார் கூடி நிற்பதைக் கண்டாள். தந்தை உறக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். விதவைத் தாய் வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்ற முயன்றார். சில ஆண்டுகளில் அண்ணனும் கடற்படையில் சேர்ந்து, மூளை உறைக் காய்ச்சலால் மாண்டார். 1964-இல் கணவரும் மாரடைப்பால் மறைய, ஐந்து பிள்ளைகளோடு தனித்து விடப்பட்டார் மேரி. வானொலிக்கு உரை எழுதிப் பிழைத்தார். பிள்ளைகள் எழுமுன், விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேசையில் அமர்ந்து கதை எழுதினார். 1975-இல் வந்த 'வேர் ஆர் த சில்ட்ரன்?' என்னும் நாவல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 2020 ஜனவரி 31 அன்று தமது 92-ஆம் வயதில் காலமானார்.

இவருடைய கதைகள் பலவற்றில், சிறுவயதில் தாக்குண்ட பெண்ணே நாயகி. 2002-இல் வந்த 'டாடிஸ் லிட்டில் கேர்ள்' நாவலில், ஏழு வயதில் அக்காளைக் கொலைக்குப் பறிகொடுத்தவள், இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் உண்மையைத் தேடிப் புறப்படுகிறாள். 2005-இல் வந்த 'நோ பிளேஸ் லைக் ஹோம்' நம் நோக்கத்திற்கு இன்னும் பொருத்தமானது. பத்து வயதுச் சிறுமி, தாயைத் தாக்கும் மாற்றாந்தந்தையிடமிருந்து காப்பாற்ற முனைகையில் துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்துபோகிறாள். அச்சிறுமி வேறு பெயரில் வளர்ந்து, மணம் முடித்து, கடந்ததையெல்லாம் கணவனிடம் மறைத்து வாழ்கிறாள். ஒன்றும் அறியாத கணவன், பிறந்தநாள் பரிசாக அவளுக்கு ஒரு வீடு வாங்கித் தருகிறான். தாய் இறந்த அதே வீடு! அன்பினால் கொடுத்த பரிசே அவளுக்குக் கண்ணியாகிறது. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அதை வாங்கியிருக்கமாட்டான் அன்றோ?

கதை சொல்லாத மூன்று

இவ்வளவு சுவையும் கருத்தும் உள்ள கதைகளில் குறை என்ன? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, நினைவைப் பற்றியது. கதாநாயகியின் குழந்தைப்பருவ நினைவு நிழற்படம்போல் தெளிவாகத் திரும்பி வருகிறது. உண்மையில் மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. நின்றாலும், பிறர் சொல்லக் கேட்டவை அதனுடன் கலந்துவிடுகின்றன. எலிசபெத் லோஃப்டஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ் பெற்றது. 24 பேரிடம், சிறுவயதில் அவர்கள் கடைத்தொகுதி ஒன்றில் காணாமற்போனதாக, நடவாத நிகழ்ச்சி ஒன்று உறவினர் சொன்னதாகக் கூறப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் அது தமக்கு நினைவிருப்பதாகவே சொன்னார்! ஆகவே பிள்ளையின் நினைவு தானே உண்மையைக் காட்டிவிடும் என்று காத்திருக்கலாகாது. உண்மை அறிந்த பெரியவர் வாய் திறந்தால்தான் பிள்ளைக்கு உண்மை கிட்டும்.

இரண்டாவது, கொடியவனைப் பற்றியது. கதையில் குற்றம் ஒருவன் தலையில் ஏறுகிறது. அவன் சிறை புகுந்ததும் எல்லாம் தூய்மையாகிவிடுகிறது. வாழ்க்கையில் தீங்கு பலர் கைகளினூடே நடந்து செல்கிறது. அக்கைகளுள் சில அன்பு நிறைந்த கைகள்.

மூன்றாவது, முடிவைப் பற்றியது. கதையில் உண்மை வெளிப்படும் நாளே துயரம் தீரும் நாள். வாழ்க்கையில் உண்மை வெளிப்படும் நாளிலிருந்துதான் பல வேளைகளில் கடினமான பகுதி தொடங்குகிறது. இம்மூன்றையும் புளியந்தோப்புக் குடும்பத்தின் கதை நமக்குக் காட்டும்.

குழாயடியில் நடந்தது

புளியந்தோப்பு என்னும் பெயரில் தோப்பு இருக்கிறதே தவிர, அப்பகுதியில் தோப்புகள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஆலைகளையும் ஆட்டுத் தொட்டியையும் நம்பி உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டபின் பல குடும்பங்கள் தடுமாறின. அத்தகைய தெரு ஒன்றில், 1999 பிப்ரவரி மாதத்தில், தாய் ஒருவர் தம் சின்னஞ்சிறு மகனைத் தண்ணீர்க் குழாயடியில் விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் அப்பால் சென்றார். வீடு சில அடி தூரம்தான். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. நம் தெருக்களில் எல்லாத் தாய்மாரும் கொள்ளும் நம்பிக்கை. திரும்பி வந்தபோது குழந்தை இல்லை.

அப்பெற்றோரின் பெயர்களையும் பிள்ளையின் பெயரையும் நாம் இங்கு எழுதப்போவதில்லை. தந்தை வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. மகனைத் தேடும் செலவுக்காகத் தம் பெற்றோர் வழியில் வந்த இரு குடிசைகளையும் விற்றார். தாயின் உள்ளம் நொடிந்தது. மூத்த பெண்ணின் படிப்பும் பாழாயிற்று. ஒரு குழந்தை காணாமற்போனால் ஒரு குடும்பமே காணாமற்போகிறது என்பதை அறியாதவர் அறியட்டும்.

ஆறு ஆண்டுகள் சென்றன. 2005-இல், மதுக்கடையில் சிலர் குழந்தைக் கடத்தல் பற்றி உரத்த குரலில் சண்டையிட்டுக்கொண்ட செய்தி காவல் துறைக்கு எட்டியது. அவ்வழியே விசாரணை தொடங்கிற்று. நகரின் ஏழைத் தெருக்களிலிருந்து கடத்திய குழந்தைகளை 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்னும் இல்லத்திற்கு விற்றதாகவும், குழந்தை ஒன்றுக்கு 10,000 ரூபாய் பெற்றதாகவும் பிடிபட்டவர்கள் ஒப்புக்கொண்டனர் என்று காவல் துறை தெரிவித்தது. 1991 முதல் 2003 வரை அவ்வில்லத்தின் மூலம் குறைந்தது 165 குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்து கொடுக்கப்பட்டதாகக் காவல் துறையின் ஆவணங்கள் கூறின. அத்தனை பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று பொருளன்று. உண்மையாகவே கைவிடப்பட்ட குழந்தைகளும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஆயினும் எவர் எவ்வழி வந்தவர் என்ற ஐயம் அத்தனை வீடுகளின் மீதும் விழுந்துவிட்டது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது.

இரு வீடுகள், ஒரு பிள்ளை

புளியந்தோப்புச் சிறுவன் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு குடும்பத்தில் வளர்கிறான் என்று காவல் துறையினர் கருதினர். ஸ்காட் கார்னி என்னும் அமெரிக்கச் செய்தியாளர், சென்னையில் அப்பெற்றோரைச் சந்தித்தபின் அந்த வளர்ப்புப் பெற்றோரையும் தேடிச் சென்றார். 2009-இல் 'மதர் ஜோன்ஸ்' என்னும் அமெரிக்க இதழில் அவர் எழுதிய கட்டுரையால் இச்செய்தி உலகறிந்தது.

இனி வாசகரே எண்ணிப் பாருங்கள். இது ஒரு நாவலாக இருந்தால் அடுத்த அத்தியாயம் என்ன? சிறுவனுக்குக் குழாயடி நினைவு வரும். தாயின் தாலாட்டு காதில் ஒலிக்கும். விமானத்தில் பறந்து வந்து தாயின் மடியில் விழுவான். நடந்ததோ வேறு. நடை பழகும் பருவத்தில் பிரிந்த பிள்ளைக்கு நினைவு எங்கிருந்து வரும்? அவனுக்குத் தெரிந்த தாய், அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்தான். அவனுக்குத் தெரிந்த மொழி ஆங்கிலம்தான்.

கொடியவன் யார் என்று கேட்டால், கடத்தியவர்களைச் சுட்டலாம். குழந்தையை விலைக்கு வாங்கியவர்களைச் சுட்டலாம். ஆனால் வளர்த்தவர்களை என்ன சொல்வது? தாயே மனமொப்பி ஒப்படைத்த பிள்ளை என்று காட்டிய பத்திரத்தை நம்பி அவர்கள் அவனை ஏற்றார்கள். சட்டப்படி கட்ட வேண்டிய பணத்தைக் கட்டினார்கள். இரவில் கண் விழித்து வளர்த்தார்கள். செய்தியாளர் வாசலில் வந்து நின்றபோது அவர்கள் அஞ்சியது, சிறுவனின் உள்ளம் கலங்குமே என்றுதான். புளியந்தோப்பில் இருந்தவர்களும் அவனை உடனே பிடுங்கிக்கொண்டுவர முனையவில்லை. ஒரு தொடர்பு கிட்டினால் போதும் என்ற அளவுக்கு அவர்களுடைய ஆசை சுருங்கியிருந்தது. பத்தாண்டுத் தவிப்பு அவர்களுக்குக் கற்றுத் தந்த பொறுமை அது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. இரு வீடுகளிலும் அன்பு இருந்தது என்பதே இதன் கொடுமை. அன்பைப் பொய்யின்மேல் கட்ட வைத்தது கடத்தல்காரரின் முதல் குற்றம் என்றால், அப்பொய் நீடிக்க நீடிக்க அதனைத் திறப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது என்பது நாம் கற்கும் பாடம்.

தேடி வந்த ஒரு மகன்

தேடிக் கண்டடைந்தவர்களும் உண்டு. 1986-இல் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் நிலையத்தில் அண்ணனுக்காகக் காத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ரயிலில் உறங்கிப்போய்க் கல்கத்தாவில் போய் இறங்கினான். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமையால் அநாதை இல்லம் சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்குத் தத்துப் பிள்ளையாகச் சென்றான். சரூ பிரையர்லி என்னும் அவர் வளர்ந்தபின், கணினியில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து இருப்புப்பாதைகளைப் பின்தொடர்ந்து, 2011-இல் தம் ஊரைக் கண்டுபிடித்தார். 2012-இல் காண்ட்வாவில் தாயைச் சந்தித்தார். மகன் திரும்பி வந்தால் தேடுவானே என்று அத்தாய் அப்பகுதியை விட்டு நீங்காமலே இருந்திருக்கிறார். 2016-இல் 'லயன்' என்னும் திரைப்படமாக இக்கதை வந்தது.

நாவலைப்போன்ற முடிவுதான். ஆனால் அங்கும் துயரம் முழுதாகத் தீரவில்லை. அவர் தொலைந்த அந்நாளிலேயே அண்ணன் ரயிலில் அடிபட்டு இறந்திருந்ததை அப்போதுதான் அறிந்தார். சரூவுக்கு வாய்த்த நன்மை ஒன்றுண்டு: அவர் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர் என்பதை வளர்ப்புப் பெற்றோர் ஒருநாளும் மறைத்ததில்லை. அவர் அறையில் இந்திய வரைபடம் தொங்கியது. தேடலுக்கு அவர்கள் தடையாய் நிற்கவில்லை. ஆகவே அவர் ஒரு தாயைப் பெறுவதற்கு மற்றொரு தாயை இழக்க நேரவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல இத்திசையில் நடந்து வந்துள்ளது. வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் வகுத்தது. காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் காவல் நிலையம் வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-இல் ஆணையிட்டது. தத்துச் சென்ற பிள்ளை 18 வயது நிரம்பியபின் தன் பூர்வீகத்தை அறிய விண்ணப்பிக்கலாம் என்றும், அதற்குக் குறைந்த வயதானால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்றும் தத்தெடுப்பு விதிமுறைகள் கூறுகின்றன. பெற்ற தாயின் தனிமையைக் காக்கவும் அவற்றில் வழி உண்டு.

நம் வீட்டு மௌனங்கள்

அன்பான பெற்றோரே! இவையெல்லாம் எங்கோ யாருக்கோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். நம் பங்குகளில் எத்தனை வீடுகளில் சொல்லப்படாத செய்திகள் இருக்கின்றன! கிணற்றில் தவறி விழுந்தார் என்று சொல்லப்படும் பாட்டி ஒருவர். வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று சொல்லப்படும், சிறையில் இருக்கும் தந்தை ஒருவர். நிழற்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட சித்தப்பா ஒருவர். தாய் என்று அழைக்கப்படும் பெரியம்மா ஒருவர். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பெரியவர்கள் மறைக்கிறார்கள். அவர்கள் எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானவர்கள். தாங்கள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். காரணம் தெரியாத பிள்ளை, காரணம் தானே என்று முடிவு செய்துகொள்கிறது. 'அம்மா போனதற்கு நான் செய்த ஏதோ ஒரு தவறுதான் காரணம்' என்று பல ஆண்டுகள் ஒரு குழந்தை தனக்குள் சுமக்க நேரிடலாம். உண்மை அத்துணைக் கொடியதாய் இராது.

மேலும், வீட்டார் சொல்லாததைத் தெருவார் ஒருநாள் சொல்லிவிடுவர். பள்ளியில் சண்டை மூளும்போது, சொத்துப் பிரிவினையின்போது, துக்க வீட்டின் நள்ளிரவுப் பேச்சில், அது வெளிவந்தே தீரும். பகைவன் வாயிலிருந்து கேட்கும் உண்மை கத்தியைப்போல் இறங்கும். அதே உண்மையைத் தாய் மடியில் அமர்த்திச் சொன்னால் பிள்ளை அழும். ஆனால் அழுவதற்கு ஒரு மடி இருக்கும்.

எப்படிச் சொல்வது? வயதுக்கேற்ற அளவில், சுருக்கமாய், பொய்யின்றிச் சொல்ல வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு, 'அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நாங்கள் உன்னுடன் இருக்கிறோம்' என்பது போதும். 'அப்பா தூங்குகிறார்' என்று சொன்னால் பிள்ளை உறங்கவே அஞ்சும். பத்து வயதில் அது மேலும் கேட்கும். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள். பதினாறு வயதில் முழுமையும் கேட்கும், அப்போது மறைக்காதீர்கள். தத்துப் பிள்ளையாயின், 'நீ எங்கள் வீட்டுக்கு வந்த கதை' என்று மழலைப் பருவத்திலேயே சொல்லத் தொடங்குவது நன்று. என்று அறிந்தோம் என்பதே நினைவில்லாத அளவுக்கு அது இயல்பாகிவிட வேண்டும். சொல்லும்போது இறந்தவரையோ பிரிந்தவரையோ இழித்துப் பேசலாகாது. அவர் இரத்தமும் அப்பிள்ளையின் உடலில் ஓடுகிறது அன்றோ? துயரம் தாங்கவியலாத வீடுகள், அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்றாலோ குழந்தை காணாமற்போனாலோ 1098-ஐ அழைக்கலாம். காவல் நிலையம் செல்லவும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

திருமணப் பேச்சின்போது

காதல் கலந்த மர்மக் கதைகள் நம் இளைஞர்களுக்கு நல்லதொன்றையும் கற்றுத் தருகின்றன. அக்கதைகளில் உண்மையான காதலன் யார்? நாயகியின் பழைய துயரை அறிந்தபின்னும் அவள் பக்கத்தில் நிற்பவன். இதனை நம் திருமண ஏற்பாடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணின் தாய் தற்கொலை செய்துகொண்டவர் என்றாலோ, மாப்பிள்ளையின் தம்பி மனநோய்க்கு மருந்து உண்பவர் என்றாலோ, நிச்சயம் முடியும்வரை, மணம் முடியும்வரை, முதற்பிள்ளை பிறக்கும்வரை என்று நாம் மறைத்துக்கொண்டே போகிறோம். பின்பு அது தெரியவரும்போது, நடந்த துயரத்தைவிட நடத்திய ஏமாற்றே பெரிதாகக் காயப்படுத்துகிறது. மேரி ஹிகின்ஸ் கிளார்க்கின் நாயகிக்குப் பரிசாக வந்த அந்த வீட்டை மறவாதீர்கள். மணமாகப் போகும் இருவரும் தம் வீட்டுத் துயரங்களை ஒருவருக்கொருவர் சொல்லட்டும். சொன்னதனால் விலகிச் செல்பவர், சொல்லாமல் மணந்திருந்தாலும் துணையாய் இருந்திருக்கமாட்டார்.

ஆகவே, பிள்ளைகள் கையிலிருக்கும் நாவலைப் பிடுங்க வேண்டாம். கொலையைச் சுவைக்காகவே விவரித்து எழுதுபவற்றை விலக்கி, நல்லனவற்றை நீங்களும் படியுங்கள். படித்து முடித்தபின், 'குற்றவாளி யார்?' என்பதோடு நிறுத்தாமல், 'அந்தச் சிறுமிக்கு யார், எப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்?' என்று இரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் வேளையில், உங்கள் வீட்டில் சொல்லப்படாமல் இருப்பதும் மெல்ல வாய் திறக்கக்கூடும்.

நாவலாசிரியருக்கு இருநூறு பக்கங்களில் மர்மத்தை முடித்தாக வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை. புளியந்தோப்பில் குழாயடியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அத்தாயின் காத்திருப்புக்கு எந்த ஆசிரியரும் கடைசி அத்தியாயம் எழுதித் தரவில்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: நம் வீட்டுப் பிள்ளை தன் கதையை அயலார் வாயிலிருந்தோ நீதிமன்றத் தாளிலிருந்தோ அறிய நேராமல், நாமே அதனைச் சொல்லி, சொன்னபின் அதன் அருகிலேயே இருப்பது.